பேரனுக்கு முதல் படக்கதை: வரையத் தெரியாத பாட்டி எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் அம்மா.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகவும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 61. மதுரைப் பக்கத்தில் வீட்டிலேயே பல வருடங்களாக ஜாக்கெட் தைக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் பேரனுக்கு இன்னும் நான்கு மாதத்தில் ஐந்து வயது முடிகிறது. அன்றைக்கு நீங்களே கதை எழுதி நீங்களே படமும் போட்ட ஒரு புத்தகத்தை அவன் கையில் கொடுக்க ஆசை. "பத்தாவது வரைதான் படித்தேன், கதை எழுதிப் பழக்கமில்லை, பூனை வரைந்தால் எலி மாதிரி வருகிறது, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேரனைப் பற்றி இரண்டு விஷயங்களும் எழுதியிருந்தீர்கள். ஊருக்கு வந்தால் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணியோடுதான் விளையாடுவான். மிக்ஸியோ குக்கர் விசிலோ சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

இந்த இரண்டு விஷயங்களுக்குள் உங்கள் கதை ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் எழுத்தையும் படத்தையும் சேர்த்துவைத்துத் திருத்துவது என் தொழில். அதை வைத்துச் சொல்கிறேன்: பேனாவையும் பென்சிலையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு வெற்றுத்தாளை மடித்துப் பக்கம் பிரியுங்கள். அதற்கப்புறம் கத்தரியை எடுங்கள். படங்களை நீங்கள் வரையப் போவதில்லை, வெட்டி ஒட்டப் போகிறீர்கள். அந்தக் கை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு தாத்தா இப்படிச் செய்திருக்கிறார். லியோ லியோனி என்ற ஓவியர், அமெரிக்காவில் ஒரு பெரிய பத்திரிகையின் கலை இயக்குநராக இருந்தவர், தன் பேரக்குழந்தைகள் இரண்டு பேரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த பத்திரிகையிலிருந்து நீலத்தில் ஒரு துண்டு, மஞ்சளில் ஒரு துண்டு கிழித்துப் பெட்டியின் மேல் வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். நீலமும் மஞ்சளும் நண்பர்கள், கட்டிப் பிடித்ததும் இரண்டும் பச்சையாகிவிடுகின்றன, வீட்டில் அடையாளம் தெரியவில்லை. இதுதான் 1959இல் புத்தகமாக வந்தது. குழந்தைகளுக்காக அவர் செய்த முதல் புத்தகம் அது, அப்போது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி. அதில் கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. கிழித்த காகிதம் மட்டுமே. அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவருக்கே அது போதுமானதாக இருந்தது.

இனி கதை. தாத்தா பாட்டிகள் எழுதிக் கொண்டுவரும் கதைகளில் மூன்று வகையை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, கடைசியில் புத்தி சொல்வது. இரண்டாவது, "அந்தக் காலத்தில் எங்கள் ஊரில்" என்று தொடங்கித் தன் ஏக்கத்தைச் சொல்வது. மூன்றாவது, பேரன் பேரையே கதாநாயகனுக்கு வைத்து அவனை எல்லாவற்றிலும் வெற்றிபெறச் செய்வது. மூன்றிலும் பிரியம் இருக்கிறது, ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதில் செய்ய ஒன்றும் இருக்காது. பேர் வைக்கும் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன்: சத்தத்துக்குப் பயப்படும் கதாபாத்திரத்துக்கு அவன் பேரை வைக்காதீர்கள். கதை கேட்கிறோம் என்ற நினைப்பு போய், நம்மைச் சொல்லிக்காட்டுகிறார்கள் என்று பட்டுவிடும். ஒரு பூனைக்குட்டி பயப்படட்டும். அது தன்னை மாதிரி இருக்கிறது என்பதை அவனே கண்டுபிடிப்பான், கண்டுபிடித்தாலும் வெளியே சொல்லாமல் இருக்கலாம். அந்த உரிமை அவனுக்கு வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். அப்படியே எடுத்துக்கொண்டாலும் சரி, மாற்றினாலும் சரி. மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலில் ஒரு பூனைக்குட்டி தூங்குகிறது. மேலேயிருந்து சிவப்பு நூல் சுற்றிய பாபின், அதாவது மெஷினுக்குள் போடும் சின்ன நூல் உருளை, கீழே விழுகிறது. நூலின் நுனி மெஷினிலேயே மாட்டியிருக்கிறது, பாபின் மட்டும் குட்டியின் வாலில் சிக்கிக்கொள்கிறது. குட்டிக்கு இது தெரியாது. எழுந்து நடந்தால் பின்னால் "கிணிங்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஓடினால் சத்தமும் ஓடிவருகிறது. கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், கொல்லையில், எங்கே போனாலும் கிணிங் கிணிங். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து அசையாமல் நிற்கிறது. சத்தமும் நின்றுவிடுகிறது. ஒரு அடி வைக்கிறது, ஒரு கிணிங். இரண்டு அடி, இரண்டு கிணிங். பிறகு குட்டி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரிகிறது அல்லவா? குதித்துக் குதித்து அந்தச் சத்தத்தைத் தானே போட ஆரம்பிக்கிறது. பாட்டி வந்து பாபினைக் கழற்றிவிட்டுப் பயத்தைப் போக்கவில்லை, குட்டியே கண்டுபிடித்தது என்பதைக் கவனியுங்கள். பெரியவர்கள் வந்து தீர்த்துவைக்கும் கதையில் பிள்ளை வெறும் பார்வையாளனாகிவிடுவான்.

இப்போது இந்தப் பதிலில் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். வாலில் பாபின் சிக்கியிருக்கிறது என்பதை உங்கள் எழுத்து ஒரு இடத்திலும் சொல்லக் கூடாது. படம் மட்டும் சொல்ல வேண்டும். முதல் பக்கத்திலிருந்தே பேரன் அதைப் பார்த்துவிடுவான். வாசிக்கும் அப்பாவோ "குட்டி திரும்பிப் பார்த்துச்சு, யாருமே இல்லை" என்று வாசித்துக்கொண்டிருப்பார். "இருக்கே! வால்ல இருக்கே!" என்று பிள்ளை கத்துவான். அந்த நிமிடம் கதை அவனுடையதாகிவிடும். குட்டிக்குத் தெரியாதது, வாசிப்பவருக்கும் தெரியாதது போலிருப்பது, அவனுக்குத் தெரிகிறது. சத்தம் கேட்டால் ஓடும் பிள்ளைக்கு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தனக்கு மட்டும் தெரியும் என்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுத்து சொல்வதையே படமும் காட்டினால் இரண்டில் ஒன்று வீண். புதிதாக எழுதுகிறவர்கள் படத்தை நம்பாமல் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள்: "சிவப்பு நூல் சுற்றிய பாபின் வாலில் மாட்டிக்கொண்டதால் பயந்துபோன சாம்பல் நிறப் பூனைக்குட்டி வேகமாக ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது." இதில் நிறம், நூல், பாபின், வால், கட்டில் எல்லாம் படத்தில் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்:

குட்டி ஓடுச்சு.
கிணிங் கிணிங் கிணிங்!
"யாரது?"

இது போதும். ஒரு திறப்புக்கு, அதாவது புத்தகத்தை விரித்தால் தெரியும் இடது வலது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, பத்திலிருந்து இருபத்தைந்து சொற்கள் வந்தால் சரியான அளவு. புத்தகம் முழுக்க இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டியதில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது இதற்கு ஒரு தடையே இல்லை.

"ஓடுச்சு" என்று எழுதலாமா, "ஓடியது" என்று எழுத வேண்டாமா என்று கேட்பீர்கள். அச்சில் வரும் தமிழ்ப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுத்துநடையில்தான் கதை சொல்கின்றன, பேச்சை மட்டும் பேச்சுநடையில் விடுகின்றன. பள்ளியில் வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு அது சரிதான். உங்கள் பேரன் பெங்களூரில் இருக்கிறான், இன்னும் தமிழ் வாசிக்கவில்லை, காதால்தான் கேட்கப் போகிறான். அதனால் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள் என்பது என் கருத்து. உங்கள் மகன் வாசிக்கும்போது உங்கள் குரலின் சாயல் அவனுக்குக் கேட்கும். சத்தச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கிணிங், டொப், சலசல, மொறுமொறு என்று நம் மொழியில் சத்தத்துக்குச் சொல் வேண்டிய மட்டும் இருக்கிறது, தாராளமாக எடுத்துப் போடுங்கள்.

திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தன் பேரை மறந்துபோன ஈயின் கதை உங்களுக்கும் உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். கன்றிடம் கேட்டு, பசுவிடம் கேட்டு, மேய்ப்பவனிடம் கேட்டு, அவன் கைக் கோலிடம் கேட்டு என்று ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்று கூடும், கடைசியில் குதிரை கனைக்கும்போது அதன் பேர் அதற்கே கிடைத்துவிடும். சின்னப் பிள்ளைகள் அந்தக் கதையை விரும்புவதற்குக் காரணம், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது என்பதுதான். உங்கள் கதையில் "கிணிங்" அந்த வேலையைச் செய்யும். மூன்றாவது தடவையிலிருந்து வாசிப்பவர் நிறுத்தினால் போதும், பிள்ளையே சொல்லிவிடுவான்.

சொல்லிப் பார்ப்பது எப்படி? வீடியோ காலில் படம் எதுவும் காட்டாமல், "ஒரு ஊர்ல ஒரு பூனைக்குட்டி" என்று ஆரம்பித்துச் சொல்லுங்கள். போனில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். எங்கே இடைமறிக்கிறான், எங்கே எழுந்து ஓடிவிடுகிறான் என்று பாருங்கள். அவன் "அப்புறம்?" என்று கேட்கும் இடம் பக்கம் திருப்ப வேண்டிய இடம். எழுந்து போகும் இடத்தில் கதை நீண்டுவிட்டது. சில நாள் இடைவெளி விட்டு, பதிவைக் கேட்காமல், மறுபடி சொல்லுங்கள். இரண்டாவது தடவை நீங்களே மறந்துபோன வரிகள் கதைக்குத் தேவைப்படாத வரிகள். ஒரே ஒரு எச்சரிக்கை: வாலில் பாபின் என்ற ரகசியத்தை வாயால் சொல்லும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், படம் இல்லையே. புத்தகத்தில் அதைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் நல்ல படப் புத்தகங்கள் நிறையப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் அம்புலிமாமா பார்த்து வளர்ந்திருப்பீர்கள். 1947இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் ஓவியங்கள் அருமையானவை. ஆனால் அவை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை, ஒரு படத்துக்குள் அரண்மனை, காடு, பத்து ஆட்கள் எல்லாம் இருக்கும். நான்கு வயதுக்கு வேறு விதம் வேண்டும். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, போனிலேயே பார்க்கலாம். சென்னைப் பதிப்பகங்களான தூலிகாவும் தாரா புக்ஸும் போடும் புத்தகங்கள் நூலகத்திலோ கடையிலோ கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள், பிறகு படத்தை மறைத்து எழுத்தை மட்டும் வாசியுங்கள். நல்ல புத்தகத்தில் இரண்டும் தனித்தனியாக அரைகுறையாகத்தான் இருக்கும்.

அடுத்து பக்கம் பிரிப்பது. கடையில் விற்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்கு அச்சுத் தாளை மடிக்கும் கணக்குதான் காரணம். பக்கங்கள் எப்போதும் நான்கின் மடங்கில் வரும், ஏனென்றால் ஒரு தாளை ஒரு முறை மடித்தால் நான்கு பக்கம். உங்கள் முதல் கதைக்கு 16 பக்கம் போதும். நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடியுங்கள். முதல் பக்கம் தனியாக நிற்கும், தலைப்புக்கு. 2-3இலிருந்து 14-15 வரை ஏழு திறப்புகள். 16ஆவது பக்கம் கடைசியில் தனியாக. இந்த வெற்றுப் புத்தகத்தைத்தான் நாங்கள் டம்மி என்போம். இதில் குச்சி உருவங்களும் வட்டங்களும் போட்டால் போதும், அழகு வேண்டாம். பூனை என்று எழுதி வட்டம் போட்டாலும் சரி.

நம் கதையை இதில் பரப்பினால், 2-3இல் மெஷின், துணிக்குவியல், தூங்கும் குட்டி, விழும் பாபின். 4-5இல் குட்டி நடக்கிறது, முதல் கிணிங். 6-7இல் கட்டிலுக்கு அடியில். 8-9 நடுத்திறப்பு. 10-11இல் கதவுக்குப் பின்னால், அங்கே எழுத்தே வேண்டாம், அல்லது "ஷ்ஷ்" மட்டும். வாசிப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். 12-13இல் ஒரு அடி, இரண்டு அடி. 14-15இல் ஆட்டம். 16இல், நூலைக் கையில் சுற்றிக்கொண்டே வரும் பாட்டி: "என் பாபினைப் பார்த்தீங்களா?" பதில் எழுதாதீர்கள், அவன் சொல்லட்டும்.

நடுத்திறப்பைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மடித்த புத்தகத்தில் 8-9 மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகம். மற்றத் திறப்புகளில் இடது பக்கம் ஒரு தாளிலும் வலது பக்கம் இன்னொரு தாளிலும் இருக்கும், நடுவில் படம் ஒரு நூலிழை விலகும். அதனால் மிகப் பெரிய படத்தை இங்கே வையுங்கள். வீடு முழுவதையும் மேலேயிருந்து பார்ப்பது போல் அறை அறையாகப் போட்டு, மெஷினிலிருந்து கிளம்பும் சிவப்பு நூல் கட்டிலைச் சுற்றி, அடுப்படிக்குள் நுழைந்து, கொல்லைக்குப் போய்த் திரும்பும் வழியைக் காட்டலாம். அந்த நூலை உண்மையான நூலாலேயே தைத்துவிடுங்கள். பிள்ளை விரலை வைத்து அதன் மேலேயே போவான். இந்த ஒரு பக்கத்துக்கு நீங்கள் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

இன்னொரு சின்ன விஷயம், திசை. நாம் இடமிருந்து வலமாக வாசிப்பதால், வலது பக்கம் பார்த்து ஓடும் குட்டி கதையில் முன்னால் போவதாகத் தெரியும். இடது பார்த்து நடந்தால் திரும்பி வருவதாகத் தோன்றும். ஆகவே ஓடும் படங்களிலெல்லாம் குட்டியின் முகம் வலப்புறம் இருக்கட்டும், பாபின் எப்போதும் அதற்கு இடப்பக்கம்.

இப்போது கத்தரி. குட்டிக்கு ஒரே துணியை முடிவுசெய்யுங்கள், கால் மீட்டராவது கையில் இருக்க வேண்டும். பாதிப் புத்தகத்தில் துணி தீர்ந்து வேறு சாம்பலுக்கு மாறினால் பிள்ளை "இது வேற பூனை" என்று சொல்லிவிடுவான். டூ பை டூ பருத்தி நல்லது, வழவழப்பான சாட்டின் நழுவும், ஜரிகை போட்டோவில் பளபளத்து எல்லாவற்றையும் மறைக்கும். ஜாக்கெட்டுக்குச் செய்வது போலவே பழைய அட்டையில் பேட்டர்ன் வெட்டிக்கொள்ளுங்கள்: தலை ஒன்று, உடல் ஒன்று, காது, கால், வால் தனித்தனியாக. அவற்றைத் தாளின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். காலை முன்னால் தள்ளினால் ஓடுகிறது, உடலைச் சாய்த்தால் பதுங்குகிறது, தலையைக் கீழே வைத்தால் தூங்குகிறது. ஒரே பேட்டர்னில் வெட்டுவதால் எல்லாப் பக்கத்திலும் அதே குட்டியாகவே இருக்கும். கையால் வரைகிறவர்கள் இதற்காகத்தான் படாத பாடு படுகிறார்கள். குட்டி என்று தெரிய வேண்டுமானால் தலை பெரிதாக இருக்க வேண்டும், உடல் நீளத்தில் ஏறத்தாழ பாதி. எலியாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் முகம் கூராக நீண்டிருப்பதுதான் காரணம். பூனைக்கு முகம் அகலம், மூக்கு குட்டை, காது முக்கோணம். இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும்.

உணர்ச்சியைக் காட்ட வாய் தேவையே இல்லை. காதைப் பின்னால் படுக்கவைத்தால் பயம், நிமிர்த்தினால் கவனம். பயத்தில் பூனைக்கு வால் மயிர் சிலிர்க்கும், வால் துணியின் ஓரத்தில் நூலைப் பிரித்துவிட்டால் அப்படியே வந்துவிடும். மற்ற துண்டுகளின் ஓரம் பிரியக்கூடாது. அதற்கு வெட்டும் முன்பே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிடுங்கள், அல்லது கழுத்துக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸைப் பின்னால் வைத்துத் தேய்த்துவிடுங்கள். காகிதம் மாதிரி சுத்தமாக வெட்டும். கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டுங்கள்: வெள்ளைக் காகித வட்டம், அதில் கறுப்புப் புள்ளி. புள்ளியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் பிள்ளையும் பார்ப்பான். 4-5இல் குட்டியின் கண் பின்னால் திரும்பட்டும், பாபின் இருக்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி.

மனித முகம் போட வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் குட்டியின் உயரத்திலிருந்து பாருங்கள். அந்த உயரத்தில் பாட்டி என்றால் சேலைக் கரை, கொலுசு, பெடலில் இரண்டு பாதம். உங்கள் பழைய சேலைக் கரையையே ஒரு துண்டு வெட்டி வையுங்கள், யாரென்று அவனுக்குத் தெரியும்.

பூப்போட்ட துணிகளைப் பார்த்தால் எல்லாவற்றையும் ஒட்டத் தோன்றும். ஒரு படத்தில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் பூத்துணி, கட்டில் விரிப்புக்கோ திரைக்கோ. பின்புலம் வெறும் வெளிர்நிறக் காகிதமாக இருந்தால்தான் எழுத்தும் தெரியும், குட்டியும் தெரியும். சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். அதில் குட்டி பின்புலத்தோடு கரைந்துபோனால் நிற வேறுபாடு போதவில்லை என்று பொருள். சிவப்பை இந்தப் புத்தகத்தில் நூலுக்கு மட்டும் ஒதுக்குங்கள், வேறெதுவும் சிவப்பாக இருக்க வேண்டாம்.

அடித்தளத்துக்குச் சாதாரண வெள்ளைத்தாள் உதவாது, பசை பட்டால் சுருளும். ஸ்டேஷனரிக் கடையில் 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல் கெட்டியான டிராயிங் தாள் கேளுங்கள். ஃபெவிகாலைத் துணியில் தடவாமல் தாளில் மெல்லிசாகத் தடவித் துணியை மேலே வையுங்கள், தண்ணீர் கலக்க வேண்டாம். ஒட்டியதும் மேலே வெள்ளைத்தாள் வைத்துக் கனமான எதையாவது ஏற்றி ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு திறப்பையும் தனித் தாளில் செய்யுங்கள், தலைப்புக்கும் 16ஆம் பக்கத்துக்கும் தனித்தனித் தாள். நடு மடிப்பில் முகமோ பாபினோ விழாமல் பாருங்கள். சுற்றிலும் ஓரத்தில் முக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு முக்கியமான எதுவும் வேண்டாம், அச்சுக் கடையில் ஓரம் வெட்டுவார்கள். உண்மையான பட்டன், ஹூக், மணி எதையும் ஒட்டாதீர்கள். மூலத்தாள் பேரன் கையில் கிடைத்தால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். பாபினையும் காகிதத்திலேயே வெட்டுங்கள்.

எழுத்தை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன், டைப் செய்து ஒட்ட வேண்டாம். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது, நீங்கள் ஒன்றாம் வகுப்பு படித்தது அதற்கு முன்னால். யானையின் "னை"யைத் துதிக்கை போட்டு எழுதப் பழகிய கை உங்களுடையது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா முதலிய ஒன்பதும் சேர்ந்து 13 எழுத்துகள் அப்போது மாறின. பேரன் நாளை தமிழ் எழுத்து பழகும்போது புதிய வடிவத்தைத்தான் பார்ப்பான், அதனால் இந்தப் புத்தகத்தில் மட்டும் புதிய வடிவமாக எழுதுங்கள். தனித்தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்து, பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்புப் பேனாவில் எழுதி, அந்தத் துண்டை வெட்டிப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். தப்பினால் துண்டுதான் போகும், படம் தப்பிக்கும். "ஓடிக்கொண்டிருந்தபோது" போன்ற நீண்ட சொற்கள் வந்தால் வாக்கியத்தையே இரண்டாக உடையுங்கள்.

துணி ஒட்டிய மூலத்தாள்களை அப்படியே மடித்துத் தைத்தால் புத்தகம் தடித்துப் பிளந்து நிற்கும். அவற்றைப் பத்திரமாக ஒரு கோப்பில் வைத்துவிட்டு, ஸ்கேன் செய்து அச்செடுத்துப் புத்தகமாக்குவதுதான் நல்லது. டிடிபி கடையில் 300 டிபிஐயில் (படத்தின் துல்லியத்தைச் சொல்லும் அளவு) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். போனில் எடுப்பதானால் காலையில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். பக்க வரிசை புக்லெட் முறையில் வர வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுமுகத்தில் 2உம் 15உம் வரும். உங்கள் டம்மியில் பக்க எண் போட்டு அதையே கொண்டுபோய்க் காட்டினால் குழப்பம் வராது. அட்டைக்குக் கெட்டித் தாள். சென்டர் பின் அடித்துத் தருவார்கள். நீங்கள் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மடிப்பில் ஐந்து துளை போட்டு, கெட்டி நூலை மெழுகில் இழுத்து நீங்களே தைத்துவிடுங்கள். அந்த நூலும் சிவப்பாகவே இருக்கட்டும்.

நாள் கணக்கு: முதல் மாதம் முழுவதும் வாயால் சொல்வதற்கும் டம்மிக்கும். படத்துக்கு இரண்டு மாதம். கடைசி மாதத்தை அச்சுக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் விட்டுவையுங்கள். டம்மியை முடித்ததும் உங்கள் மகனிடம் மட்டும் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடங்களை உடனே மாற்றுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

பிறகு பதிப்பகத்துக்கு அனுப்பலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அனுப்பலாம், ஆனால் இப்போது அதை நினைத்து எழுத வேண்டாம். பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1893இல் உடம்பு சரியில்லாத ஐந்து வயதுப் பையனுக்குக் கடிதத்தில் முயல் படம் போட்டுக் கதை எழுதி அனுப்பினார். எட்டு வருடம் கழித்து அதைத் தன் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார், அடுத்த வருடம் 1902இல் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அது முதலில் ஒரே ஒரு பிள்ளைக்கு எழுதியது. யாருக்காகவோ பொதுவாக எழுதினால் கதையில் பாபின் வராது, கொலுசு வராது, உங்கள் சேலைக் கரை வராது.

இரண்டு பிரதி எடுங்கள். ஐந்து வயது நிறைகிற பிள்ளை பிடித்த புத்தகத்தைப் பக்கம் பிரியும்வரை புரட்டுவான். இரண்டாவது பிரதி மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், விடுமுறைக்கு வந்தால் அங்கே உட்கார்ந்து பார்க்க. அட்டையில் "எழுதியவர்" என்ற இடத்திலும் "படங்கள்" என்ற இடத்திலும் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். டம்மி முடிந்ததும் அதன் படங்களை இங்கே போடுங்கள், திறப்பு திறப்பாகப் பார்த்துச் சொல்கிறேன்.